மாத்தளைக்கு ஒரு நாள்

சகோதரிகளே, யட்டவத்தயிலிருந்து மாத்தளைக்கு மருந்துக்கும் கச்சேரிக்கும் மட்டுந்தானா போவது? ஒரு நாள் சும்மா பார்த்துவரப் போவோம்.

முத்துமாரியம்மன் கோயிலின் இராஜகோபுரம் 108 அடி. 1983 ஜூலைக் கலவரத்தில் கோயிலும் தேர்களும் எரிக்கப்பட்டன. மீண்டும் கட்டினார்கள், மாசி மகத்தில் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. மண்டபத்தில் கொஞ்ச நேரம் இருங்கள். அழுகை வந்தால் அழுங்கள்.

மதியத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் செலவில்லை. வாசனைத் தோட்டங்களில் தைலத்துக்குக் காசு இறைக்காதீர்கள். கறுவா, கராம்பைச் சந்தையிலேயே வாங்கலாம்.

தம்புள்ளை வீதியில் சுமார் 3 கிலோமீற்றரில் அலுவிகாரை. போரிலும் பஞ்சத்திலும் மனனம் செய்தவர்கள் மடிந்தால் போதனையும் போய்விடுமென்று, கி.மு. முதலாம் நூற்றாண்டில் பிக்குகள் திரிபிடகத்தை ஏட்டில் எழுதிய இடம். 1848 கிளர்ச்சியின்போது அங்கிருந்த ஏடுகள் அழிந்தன. இன்றும் அங்கே எழுத்தாணியால் ஓலையில் பெயர் எழுதித் தருவார்கள். சிறு காணிக்கை கொடுக்கவேண்டும். யாருடைய பெயரென்று பஸ்ஸிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.