ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

'தி பிக் பேங் தியரி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர் 2007 முதல் 2019 வரை 279 பகுதிகள் ஓடியது. அதில் ராஜேஷ் கூத்ரப்பள்ளி என்று ஒரு விஞ்ஞானி. டெல்லிக்காரராம். கூத்ரப்பள்ளி நம் கோட்டயம் மாவட்டத்தில், சங்கனாசேரிப் பக்கம் இருக்கிற ஊர். டெல்லிக் குடும்பத்துக்கு அந்த ஊர்ப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? அதே தொடரின் ஷெல்டனுக்கு டெக்சாஸ், பக்தியுள்ள அம்மா, செல்லம் கொடுக்கும் பாட்டி என்று பார்த்துப் பார்த்து வேர் வைத்தவர்களுக்கு, நம்மவர் ஒருவருக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் யாரையும் கேட்கத் தோன்றவில்லை. போதாததற்கு, பெண்களைக் கண்டால் அவருக்கு வாயடைத்துப்போகும். குடித்தால்தான் பேச்சு வரும். ஆறு சீசன் இதே சிரிப்பு.

கூச்சப்படுகிறவனை வைத்துச் சிரிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கிரேஸி மோகன் நாடகங்களில் வரும் மாதுவும் தடுமாறுகிறவன்தான். ஆனால் மாதவன் மாதுவாவது நம் வீடுகளில் நடப்பது. மோகன் தன் நாயகிகளுக்கெல்லாம் வைத்த ஜானகி, அவருடைய பள்ளி ஆசிரியையின் பெயர்.

கேட்காமல் பெயரை வைத்து ஊகிப்பது எனக்கு வெறும் டிவி விஷயம் இல்லை. என் பெயர் ஜோதி. தமிழ்நாட்டில் ஆணுக்கும் வைப்பார்கள். இங்கே கேரளத்தில் ஜோதி என்றால் பெண். போனில் "ஜோதி மேடம்" என்கிறார்கள். "நான்தான்" என்றால் நம்ப மறுத்து, "மேடத்திடம் கொடுங்கள்" என்கிறார்கள். அலுவலகங்களில் விண்ணப்பத்தில் அவர்களே 'திருமதி' போட்டுவிட்டு, திருத்த என்னை அலைய விடுகிறார்கள். என் நண்பன் ஷாஜியின் கதையும் இதுதான். வடக்கே இகரத்தில் முடிந்தால் பெண் என்று கணக்கு; கேரளத்தில் ஷாஜி, சஜி எல்லாம் மீசை வைத்த ஆண்கள். கிரண் பேடி பெண், கிரிக்கெட் வீரர் கிரண் மோரே ஆண். ஹர்ப்ரீத் என்பது சீக்கியர்களில் இருபாலருக்கும் உண்டு. பின்னால் வருவது சிங்கா, கௌரா என்பதுதான் சொல்லும்.

நாங்கள் வாழும் கொச்சி மட்டாஞ்சேரியில் இந்தக் குழப்பமே வந்ததில்லை. குஜராத்தி ரோட்டில் பெயரோடு பாய், பென் சேர்ந்தே வரும். மலையாளிகளுக்குச் சேட்டன், சேச்சி. தமிழரான எங்களுக்கு அண்ணன், அக்கா. கொங்கணிக்காரர், கச்சி மேமன், தமிழர் என்று இத்தனை பேர் நெருக்கியடித்து வாழும் இடத்தில், தெரியாத பெயரைக் கேட்டால் "யாரு, சேட்டனா சேச்சியா?" என்று நேராகக் கேட்பார்கள். யாருக்கும் மனம் புண்பட்டதில்லை. எங்கள் தெருவின் மீன்காரம்மாவுக்குக்கூடத் தெரிந்த மரியாதை இது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்து முடிவு கட்டுகிறவர்களுக்குத் தெரியவில்லையே! தப்பாக ஊகிப்பது அவர்கள்; கவுன்டரில் நாலு பேர் திரும்பிப் பார்க்கக் கூசி நிற்பது நாங்கள். அந்தக் கூச்சம் எங்கள் சுபாவத்தில் இல்லை, ஐயா. நீங்கள் ஏற்றி வைப்பது. விண்ணப்பத்தில் திருவா திருமதியா என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள், எங்களிடம் கேளுங்கள், நாங்கள் சொல்வதை எழுதுங்கள்.