பொனெற்றைத் திறந்தால் விளங்குகிற கார்

போன ஆவணியில் எங்கட பட்ச் பிள்ளை ஒருத்தியின் அக்காவுக்குக் கலியாணம். நல்லூரில் தாலிகட்டு முடிய, பொம்பிளை மாப்பிளை ஏறின பழைய இங்கிலிஸ் கார் முன்னுக்குப் போக, நாங்கள் பத்துப் பேர் வானில் பின்னுக்குப் போனோம். கொண்டாவில் தாண்ட முதலே கார் இருமத் தொடங்கி, றோட்டுக் கரையில் நின்றுவிட்டது. பகல் பன்னிரண்டரை மணி. வெயில் கொளுத்துது. மாப்பிளையின் தலைப்பாகை கழன்றுவிட்டது. வீடியோ எடுக்கிற அண்ணை மட்டும் சந்தோசமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

கார் ஓட்டின ஐயாவுக்கு எழுபது வயசுக்கு மேல் இருக்கும். அவர் பதறவில்லை. பொனெற்றைத் திறந்தார், எங்களிட்ட ஒரு தண்ணிப் போத்தல் வாங்கினார், தோளில் கிடந்த துவாயை நனைத்து எஞ்சின் பக்கத்தில் கிடந்த ஒரு சின்ன உலோகக் கிண்ணத்தைச் சுத்திக் கட்டினார்.

"என்ன ஐயா, பெரிய பிழையோ?"

"பிழை ஒண்டுமில்லைத் தம்பி. பெற்றோல் பம்ப் சூடேறிப் போச்சு. உள்ளுக்குப் பெற்றோல் ஆவியாகினா பம்ப் இழுக்காது. ஆற விட்டா வரும்."

பத்து நிமிசத்தில் வந்தது. ஊர்வலம் போனது. அந்தப் பத்து நிமிசத்தில் நாங்கள் எல்லாரும் அந்த எஞ்சினை எட்டிப் பார்த்தோம். எங்களில் பெண் பிள்ளைகள் சிலருக்கு, ஒரு காரின் பொனெற்றுக்குள் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆச்சரியம் என்னவென்றால், கலைப்பீடத்துப் பிள்ளைகளான எங்களுக்கும் அது விளங்கியது. இதால பெற்றோல் வருது, இதால காத்து வருது, இதில நெருப்புப் பொறி. ஐயா விரலால் தொட்டுக் காட்டக் காட்ட ஒரு கதை மாதிரி விளங்கியது.

பிறகு எல்லாரும் அந்தக் காரோடு எடுத்த படங்களைப் போட்டோம். அடுத்த நாள் கன்ரீனில் ஒருத்தன் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை: "உது அந்தக் காலத்தில சும்மா குடும்பக் கார்தானே, அதில என்ன இவ்வளவு லவ்?"

கேள்வி நியாயமானது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கொண்டாடுகிற பழைய கார்கள் ஒன்றும் பந்தயக் கார்கள் இல்லை. இங்க எல்லாருக்கும் பேர் தெரிஞ்ச 'ஏ போட்டி'யில் சோமர்செற் என்ற வகையை எடுப்போம். ஒஸ்டின் கம்பனி 1952 இலிருந்து 1954 வரை செய்தது. 1200 சீசீ எஞ்சின். உருண்டை முதுகு, ஸ்டியறிங்குக்குப் பக்கத்திலேயே கியர், திரும்பும்போது கார்ப் பக்கத்திலிருந்து கை மாதிரி நீட்டுகிற சிக்னல். தாய் தகப்பன், பிள்ளைகள், ஒரு மூட்டை அரிசி, அம்மம்மா எல்லாரும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் செய்த கார்.

மொறிஸ் மைனரின் கதை இன்னும் பகிடி. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் கார் ஒடுக்கமாக இருக்கிறதென்று நினைத்து, அதை நெடுக்காக இரண்டாக வெட்டச் சொல்லி, கண்ணுக்குச் சரியாகத் தெரியுமட்டும் தள்ளி வைத்துப் பார்த்தாராம். நாலு அங்குலம் கூடியது. பம்பர்கள் முதலே செய்து வைத்திருந்தபடியால் அவற்றையும் வெட்டி, நடுவில் ஒரு துண்டு வைத்துப் பொருத்தினார்கள். பொனெற்றின் நடுவில் ஓடுகிற அந்தத் தட்டையான பட்டியும் அப்படி வந்ததுதான். கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்குக் காரைப் பிடிக்கவே இல்லை; தண்ணியில் உடைத்து அவித்த முட்டை மாதிரிக் கிடக்கிறதென்று நக்கலடித்தார். அந்த முட்டைதான் 1948 இல் வெளிவந்து, பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் ஆனது. மொத்தமாக 16 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

இது எங்களுக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்லை. அதே 1948 இல் பிரான்சில் சிற்றோன் கம்பனி காட்டின 2சீவீ, தகரக் கொட்டில் மாதிரியான கார். உழுத வயலுக்குள்ளால் ஒரு கூடை முட்டையை உடையாமல் கொண்டு போகவேண்டும் என்பதுதான் அதைச் செய்தவர்களுக்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்று. தமிழ்ப் படங்களில் நாங்கள் பார்த்து வளர்ந்த அம்பாசிடரும் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் பிள்ளைதான். கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் 2014 வரை செய்தார்கள். இவற்றில் எதுவும் வடிவுக்கோ வேகத்துக்கோ பேர் போனதில்லை. இருந்தும் சனம் விடவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஏன் விடவில்லை என்பதற்கு முதல் காரணம் அன்பு இல்லை, வழியின்மை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் நாட்டுக்குள் கார் வருவது அநேகமாக நின்றது. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்த பிறகு தெற்கு மெல்ல மெல்ல யப்பான் கார்களுக்கு மாறியது. வடக்குக்கு யுத்தம் வந்தது. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் என்பது மருந்து மாதிரி, துளிக் கணக்கு. அப்போதுதான் இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின.

இதை எங்கட வீடுகளில் எல்லாரும் சொல்லுவார்கள். எப்படி ஓடியது என்று நாங்கள் கேட்டதில்லை. அன்றைக்கு ஐயாவிடம் கேட்டோம். அந்தக் கால எஞ்சின்கள் காத்தையும் எண்ணெயையும் ஏழு மடங்குக்குக் கிட்டத்தான் நெரிக்கும். இப்போதைய பெற்றோல் கார்கள் பத்து மடங்கு, அதற்கும் மேல். குறைவாக நெரிக்கிறபடியால் மண்ணெண்ணெய் போட்டாலும் அது எஞ்சினை அடித்து உடைக்காது. ஆனால் மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்தல் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவார்கள். எரியாமல் மிஞ்சுகிறது வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும். அதனால் அடிக்கடி ஒயில் மாத்த வேண்டும். ஒயிலும் கிடையாது.

"அப்ப என்ன செய்தனீங்கள்?"

"பழசை வடிச்சு வடிச்சு ஊத்தினதுதான்" என்றார்.

இந்த இடத்தில் நாங்கள் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். தடைக்காலத்தைப் பெருமைக் கதையாக மாற்றுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. மண்ணெண்ணெய்ப் புகைக்குள் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போன பெண்ணிடம் கேட்டால் அது வீரமாக இருக்காது. அந்தக் கார்களில் சீற் பெல்ற் இல்லை. நாலு பேர் போகிற காரில் ஒன்பது பேர் போனார்கள். வேறு வழி இருந்திருந்தால் எங்கட தாத்தாமார் அந்த நிமிசமே யப்பான் காருக்கு மாறியிருப்பார்கள். இல்லாமையை அழகென்று பாடுவது, இல்லாமையில் வாழ வேண்டி வராதவர்கள் செய்கிற வேலை. 2022 இல் கியூ.ஆர். அட்டையோடு கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோலுக்கு மோட்டார் சைக்கிள் உருட்டினபோது எங்களுக்கும் அது கொஞ்சம் விளங்கியது.

அப்படியென்றால் எங்கட அன்பு எதில் இருக்கிறது? எங்கட பதில்: அந்தக் கார் பழுதானபோது எங்கட ஆட்கள் கையால் திருத்தக்கூடியதாக இருந்தது. அதுதான் அதைக் குடும்பத்தில் ஒன்றாக ஆக்கியது. புதுசாகவே இருந்த பொருளோடு ஆருக்கும் உறவு வருவதில்லை. பழுதாகி, திருத்தி, திரும்பப் பழுதாகி, திரும்பத் திருத்தின பொருளோடுதான் வருகிறது. பாகம் கிடைக்காத காலத்தில் லேத்தில் கடைந்தார்கள், தகரத்தைத் தட்டி வளைத்தார்கள், ரியூப் வெட்டி வாசர் போட்டார்கள். தெற்கிலும் இந்தக் கைவேலை இருந்தது. 1990களில் இலங்கையில் செய்த மொறிஸ் மைனர் பாகங்கள் இங்கிலாந்தின் பாத் நகருக்குப் போயின. கார் பிறந்த நாடு, அதைத் திருத்தப் பாகம் கேட்டு எங்களிடம் வந்தது.

அதனால்தான் இப்போதைய பழைய கார்ப் பிரியர்கள் சிலரோடு எங்களுக்குச் சண்டை. அவர்களுக்குக் கார் 'ஒரிஜினலாக' இருக்கவேண்டும். தொழிற்சாலையில் இருந்து வந்த நிறம், வந்த எஞ்சின், வந்த ஆணி. யப்பான் டீசல் எஞ்சின் ஏத்தின ஒஸ்டினைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள், 'கெடுத்துப் போட்டாங்கள்' என்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஹயருக்கு ஓடிப் பிள்ளைகளைப் படிப்பித்த ஒரு மனிசன், எண்ணெய்ச் செலவு கட்டாமல் டீசல் எஞ்சின் ஏத்தினார் என்றால், அந்த எஞ்சினும் அந்தக் காரின் வரலாறுதான். ஒட்டின தகரமும் வரலாறுதான். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு 1953 ஆம் ஆண்டுக்குத் திருப்பி அனுப்பினால், இங்கிலாந்துத் தொழிற்சாலையின் கார் ஒன்று மினுமினுத்துக்கொண்டு மிஞ்சும். யாழ்ப்பாணத்தின் கார் மிஞ்சாது.

இன்னொரு விசயம். ஏ போட்டியோடு படம் எடுக்கிற நாங்களே வாகன்-ஆர் கண்டால் 'பெட்டி' என்று சிரிக்கிறோம். உயரமான, சின்னச் சில்லு வைத்த, 660 சீசீ சதுரப் பெட்டி. ஆனால் உள்ளே இருந்து பாருங்கோ. அம்மம்மா குனியாமல் ஏறலாம், குனியாமல் இறங்கலாம். ஒடுக்கமான ஒழுங்கைக்குள் திருப்பலாம். பின் சீற்றை மடித்தால் கடைச் சாமான் முழுக்க ஏத்தலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 தொடக்கத்தில் திரும்ப விடுமட்டும், இந்த மாதிரிச் சின்னக் கார்கள்தான் எத்தனையோ வீடுகளைத் தாங்கின. எங்கட தாத்தாமாருக்கு ஏ போட்டி என்னவோ, இப்போதைய குடும்பங்களுக்கு இந்தப் பெட்டிகள் அதுதான். எங்கட பேரப்பிள்ளைகள் அதோடு கலியாணப் படம் எடுத்தால் நாங்கள் சிரிக்கக் கூடாது.

ஆனால் எடுப்பார்களா? அங்கேதான் எங்களுக்குப் பயம். அந்தக் கலியாணம் முடிந்து சில கிழமையில், எங்களில் ஒருத்தனின் அப்பாவின் ஹைபிரிட் காரில் ஒரு சிவப்பு லைட் எரிந்தது. என்ன மாதிரிக் கார் என்பது இங்கே தேவையில்லை. எல்லாம் ஒரே கதைதான். பொனெற்றைத் திறந்தால் மேலே ஒரு கறுப்பு மூடி. மெக்கானிக் அண்ணை மூடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கம்பியூட்டர் கொழுவிப் பார்க்க வேண்டுமாம். கொழுவிப் பார்த்தால், பற்றறிப் பெட்டியை முழுசாக மாத்த வேண்டுமாம். விலை கேட்ட அப்பா அப்படியே வாங்கில் இருந்துவிட்டார். அந்தக் கார் இப்போதும் வீட்டு முன்னுக்கு நிற்கிறது. காகம் இருக்கிறது.

அந்த மெக்கானிக் அண்ணை கெட்டிக்காரர். அவர் கையில் பிழையில்லை. அந்தப் பெட்டியைத் திறந்து எதைத் திருத்தலாம் என்ற விபரத்தை அவருக்கு ஆரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். புதுக் கார்கள் புகை குறைவு, எண்ணெய்ச் செலவு குறைவு, பாதுகாப்புக் கூட. அதையெல்லாம் விட்டுவிட்டு எல்லாரும் ஏ போட்டிக்குத் திரும்பிப் போங்கோ என்று நாங்கள் சொல்லவில்லை. கடன் பட்டு வாங்கின கார், எங்கட ஊரில் எங்கட ஆளால் திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறோம். பாகமும் விபரமும் கருவியும் சின்னக் கராச்சுக்கும் கிடைக்க வேண்டும். கார் வாங்கப் போகிறவர்கள் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று கேட்கிறதோடு, பழுதானால் ஆர் திருத்துவார் என்றும் கேட்க வேண்டும்.

எங்களைப் போலக் கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒவ்வொரு வருசமும் ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலைகிறோம். மண்ணெண்ணெயில் கார் ஓட்டின ஆட்களுக்கும் லேத்தில் பாகம் கடைந்த ஆட்களுக்கும் இப்போது எழுபது, எண்பது வயசு. அவர்கள் போனால் அந்த அறிவு போகும்; மினுக்கின கார் மட்டும் கலியாண வீட்டு வாசலில் நிற்கும். ஒரு போனும் ஒரு கொப்பியும் எடுத்துக்கொண்டு கராச்சுக்குப் போய்க் கேட்டு எழுதுவதற்கு விரிவுரையாளரின் அனுமதி தேவையில்லை. பெண் பிள்ளைகளும் போகவேண்டும். கராச் ஆம்பிளைகளின் இடம் என்று விட்டுவிட்டால் பாதிப் பேருக்கு எப்போதும் மூடி மட்டும்தான் தெரியும்.

நாங்கள் தொடங்கிவிட்டோம். போன ஞாயிறு அந்த ஐயாவின் வீட்டுக்குப் போனோம். தன்னுடைய கதை எதற்கு என்று முதலில் வெட்கப்பட்டார். பிறகு தேத்தண்ணி வந்தது, பிறகு பொனெற் திறந்தது. இரண்டு மணித்தியாலம் பதிவு செய்தோம். பெற்றோல் பம்ப் வரைக்கும்தான் வந்திருக்கிறோம். வெளிக்கிடும்போது, "அடுத்த கிழமை காபரேற்றர். பழைய உடுப்போட வாங்கோ பிள்ளையள்" என்றார்.