போர்வை மேலே, குளிர் கீழே

பத்திரிகைத் தொழிலில் நாற்பது வருடங்களுக்கு மேல் கழித்தவன் என்ற வகையில், ஜனவரி மாதம் பிறந்தால் நுவரெலியாவிலிருந்து ஒரு புகைப்படம் வந்து சேரும் என்பதை நன்கறிவேன். புல்வெளி எங்கும் வெண்மையாக உறைபனி. அதனருகே கம்பளித் தொப்பி அணிந்த ஒரு சிறுவன். ஒவ்வோர் ஆண்டும் அதனைப் பிரசுரித்தோம். தலைப்பைக்கூடப் பெரிதாக மாற்றியதில்லை. ஆனால் அப்புகைப்படத்தினுள்ளே நானே ஓர் இரவைக் கழிக்க நேரும் என்று ஒருபோதும் எண்ணியதில்லை.

கனடாவில் வாழும் என் சகோதரியின் மகன் கடந்த ஜனவரியில் வந்திருந்தான். மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்களினூடாக 300 கிலோமீற்றருக்கு மேல் 22 கட்டங்களாகச் செல்லும் பீகோ நடைவழியின் சில கட்டங்களை நடப்பது அவனுடைய திட்டம். “மாமா, நீங்களும் வாருங்கோ. பாரமே இருக்காது” என்றான். முதுகு வலிக்காரனுக்கு அந்தக் கடைசி வாக்கியமே போதுமானதாயிற்று. அவன் கொண்டு வந்திருந்த பொருட்களில் இரண்டு தொங்குபடுக்கைகளும் இரண்டு தூவிப் போர்வைகளும் இருந்தன. தொங்குபடுக்கை என்பது வேறொன்றுமில்லை. நாம் குழந்தைகளுக்குக் கட்டிய ஏணையைப் பெரியவர்களுக்கு ஏற்ற அளவில் நைலோன் துணியில் தைத்திருக்கிறார்கள். போர்வையோ கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. 600 கிராம் என்றான். பூச்சியத்துக்குக் கீழே 7 பாகை வரை தாங்கும் என்று அதன் நாடாவில் அச்சிடப்பட்டிருந்தது.

ஒஹிய புகையிரத நிலையத்துக்கு மேலே, நண்பர் ஒருவரின் உருளைக்கிழங்குத் தோட்டத்து ஓரமாக, அவருடைய அனுமதியுடன் இரண்டு மரங்களுக்கிடையே தொங்கினோம். (ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவினுள் இவ்வாறு நினைத்த இடத்தில் தங்க முடியாது, முன் அனுமதி பெற வேண்டும்.) நள்ளிரவு கடந்ததும் விழித்துக்கொண்டேன். மார்பும் தோள்களும் இதமாக இருந்தன. முதுகும் இடுப்பும் ஐஸ் கட்டியின் மேல் கிடப்பதுபோல் விறைத்துப் போயிருந்தன. புரண்டு படுத்தேன், புரண்ட பக்கம் விறைத்தது. இரண்டு மணியளவில் பற்கள் அடித்துக்கொள்ளத் தொடங்கின. மருமகனை எழுப்பவும் கூச்சம். அவனுடைய வெப்பமானி 6 பாகை காட்டியது, பூச்சியத்துக்கு மேலே.

ஆக, கீழே 7 வரை தாங்கும் போர்வை மேலே 6 இல் கைவிட்டுவிட்டது. இடையிலுள்ள பதின்மூன்று பாகை எங்கே போயிற்று? கணக்கு உதைத்தால் விசாரிப்பது எமது தொழில். இப்பத்தி அந்த விசாரணையின் விளைவேயாகும்.

முதற்கண் தூவி என்பது யாது என்று பார்ப்போம். வாத்து, தாரா முதலியவற்றின் மார்புப் பகுதியில், வெளிச்சிறகுகளுக்கு அடியில், தண்டு இல்லாத மெல்லிய பஞ்சு போன்ற இறகு உண்டு. தமிழுக்கு இது புதிய பொருளன்று. குளிர்காலத்தைப் பாடும் நெடுநல்வாடையிலேயே பாண்டிமாதேவியின் படுக்கைக்கு அன்னத்தின் தூவி பயன்பட்டதாக வருகிறது. தூவி தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. அது உப்பி விரிந்து தன்னுள்ளே காற்றை அசையாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் காற்றே எமது உடற்சூட்டை வெளியேற விடாது காக்கிறது. உப்பல் போனால் சூடும் போயிற்று.

இங்குதான் என் முதுகின் பிரச்சினை ஆரம்பமாகிறது. உடலுக்கு அடியில் அகப்படும் தூவி நசுங்கிவிடும். நசுங்கிய தூவிக்குள் காற்றில்லை. அமெரிக்காவில் நெடுந்தூர நடைப்பயணங்களுக்குப் பேர்போன ரே ஜார்டின், 1990களில் தமது நூல்களில் இதையே வலியுறுத்தினார். நித்திரைப் பையின் அடிப்பாகம் நசுங்கிப் பயனற்றுக் கிடக்கும்போது அதை ஏன் சுமக்க வேண்டும், வெட்டி எறிந்துவிட்டுப் போர்வையாகக் கொண்டு செல்லலாமே என்பது அவரது வாதம். நியாயமான வாதந்தான். அவ்வாறுதான் பை போர்வையாயிற்று, சுமையும் குறைந்தது. ஆனால் அவர் வாதத்தில் சொல்லாமற் சொல்லப்பட்ட ஒன்று உண்டு. தரையில் படுப்பவனுக்கு அடியில் ஒரு பாய் இருக்கிறது. நிலத்தின் குளிரைத் தடுப்பது அந்தப் பாயே.

தொங்குபடுக்கையில் பாய் இல்லை. நிலமும் இல்லை. ஒரு தாள் தடிப்புள்ள நைலோன் துணிக்குக் கீழே மலைக்காற்று இரவு முழுவதும் ஓடிக்கொண்டேயிருக்கிறது. முதுகிலிருந்து வரும் சூட்டை அது அள்ளிக்கொண்டு போகிறது. மேலே எத்தனை விலையுயர்ந்த போர்வையைப் போர்த்தினாலும், கூரையைப் பொன்னால் வேய்ந்து சுவரைக் கட்டாமல் விட்ட வீட்டின் கதைதான்.

இதற்கென்றே கீழ்ப்போர்வை என ஒன்று விற்கப்படுகிறது. தொங்குபடுக்கைக்கு வெளியே, அதன் அடிவயிற்றில், இழுபடும் கயிறுகளால் கட்டித் தொங்கவிடுவார்கள். உடல் அதன்மேல் அழுந்தாததால் அது நசுங்குவதில்லை. தளர்வாகக் கட்டினால் இடையே காற்று புகுந்துவிடும். இறுக்கிக் கட்டினால் தூவி அமுங்கிவிடும். தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். தோளிலிருந்து முழங்கால் வரை மட்டும் வரும் குறுகிய வகையும் உண்டு. எடையும் விலையும் குறைவு, கால்களுக்குக் கீழே மட்டும் வேறு எதையாவது வைத்துக்கொள்ள வேண்டும். மருமகன் பாரத்தைக் குறைக்கும் எண்ணத்தில் கீழ்ப்போர்வைகளைக் கனடாவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். “இலங்கைதானே மாமா, வெக்கை நாடு” என்பது அவன் கூறிய காரணம். சிறு வயதில் புறப்பட்டுப் போனவனிடம் வேறெதை எதிர்பார்ப்பது?

அடுத்து, நாடாவில் அச்சிடப்பட்டிருந்த அந்த எண். நித்திரைப் பைகளுக்கு ஐரோப்பாவில் 2002 இல் ஒரு சோதனை நியமம் வந்தது. 2016 இல் அதன் இடத்தைச் சர்வதேச நியமம் பெற்றது. சூடாக்கப்பட்ட மனிதப் பொம்மையொன்றைப் பைக்குள் கிடத்தி அளவிடுகிறார்கள். அதிலிருந்து கிடைப்பது ஓர் எண்ணன்று. இதமாக உறங்கக்கூடிய எல்லை ஒன்று. உடலைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கக்கூடிய எல்லை இன்னொன்று. இவ்விரண்டுக்கும் இடையே சாதாரணமாக ஐந்தாறு பாகை வேறுபாடு இருக்கும். மூன்றாவது எண் உயிராபத்தைப் பற்றியது. அதை வாங்குபவர் கவனத்திற் கொள்ளவே கூடாது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் எது இடம்பெறும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன். அந்தப் பொம்மையும் பாய் ஒன்றின்மேல்தான் கிடக்கிறது, காற்றில் தொங்கவில்லை. இதற்கும் மேலாக, போர்வைகளில் பல இச்சோதனைக்கு உட்படுவதே இல்லை. தயாரிப்பாளரே தமது அனுபவத்தைக் கொண்டு ஓர் எண்ணை இட்டுவிடுகிறார். ஒரு தரப்பின் அறிக்கையை மட்டும் வைத்துச் செய்தி எழுதினால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. எனவே அச்சிட்ட எண்ணுடன் குறைந்தது ஐந்து பாகையைக் கூட்டிக்கொள்ளுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் இன்னும் சிறிது கூட்டிக்கொள்வது நன்று.

விற்பனையாளர்கள் தூக்கிப் பிடிக்கும் மற்றோர் எண்ணும் இருக்கிறது. ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் விரியும் என்பதைக் குறிப்பது அது. 650 என்பார்கள், 850 என்பார்கள், 950 என்பார்கள். எண் ஏற ஏற விலையும் ஏறும். கணக்குப் பார்த்தேன். 850 தரத்தில் 350 கிராம் தூவி தரும் உப்பலைப் பெற, 650 தரத்தில் ஏறக்குறைய 458 கிராம் வேண்டும். வேறுபாடு 108 கிராம், அதாவது கால் றாத்தல் பாண். அதற்காக நூறு டொலர் கூடுதலாகக் கொடுக்கும் மனிதர்கள் உண்டு. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நடப்பவனுக்கு அது பொருத்தமாயிருக்கலாம். இரண்டு இரவுகள் மலையில் தங்கிவிட்டு மூன்றாம் நாள் புகையிரதம் ஏறும் எமக்கு அது வீண் என்பது என் கருத்து. போதாததற்கு, இந்த விரிவை அளப்பது கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகூடச் சூழலில். எமது மலைகளின் நிலைமையோ வேறு.

1922 இல் எவரெஸ்ட் முயற்சியின்போது ஜோர்ஜ் ஃபின்ச் என்பவர் பலூன் துணிக்குள் தூவி அடைத்துத் தைத்த அங்கியை அணிந்து சென்றார். முதலில் நகைத்த சகாக்கள் பின்னர் பொறாமைப்பட்டார்கள். அது உலர்ந்த குளிர். தூவிக்கு ஏற்ற இடம் அதுவே. ஒஹியவிலும் தும்பறை மலைகளிலும் குளிரோடு நீரும் சேர்ந்தே வருகிறது. மாலையில் முகில் தரையோடு தவழும். விடியும்போது போர்வையின் மேற்புறம் தொட்டால் ஈரம். நனைந்த தூவி கட்டி கட்டியாகச் சேர்ந்து உப்பலை இழந்துவிடும். மீண்டும் உலர்வதற்கு நெடுநேரம் எடுக்கும். நீரை விலக்கும் பூச்சு பூசிய தூவி இப்போது கிடைக்கிறது. அது நனைவதைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட காலத்தில் செல்பவர்கள் தூவியை வாங்கலாம். காலையில் வெயில் வந்ததும் அரை மணி நேரமாவது விரித்துப் போட வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மழையில் செல்பவர்கள் செயற்கை இழைப் போர்வையை வாங்குவதே புத்திசாலித்தனம். இருநூறு, முந்நூறு கிராம் கூடும், பொதியும் பெருக்கும். ஆனால் ஈரமானாலும் அது முழுவதுமாகக் கைவிடாது, விலையும் குறைவு. கொழும்பில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தூவிப் போர்வையைச் சிறு பைக்குள் திணித்து அலுமாரியில் ஆறு மாதம் வைத்தால், எமது புழுக்கத்தில் அது மணக்கத் தொடங்கும், உப்பலும் கெடும். தளர்வான பருத்திப் பையில், காற்றோட்டமான இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

பறவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூவியின் பெரும்பகுதி இறைச்சித் தொழிலின் உபபொருளாகக் கிடைப்பதே. ஆயினும் உயிருடன் இறகைப் பிடுங்கும் கொடுமை சில இடங்களில் நிகழ்ந்தமை வெளிவந்த பின்னர், அதைத் தடை செய்யும் ‘பொறுப்பான தூவி நியமம்’ 2014 இல் உருவானது. அச்சான்று இல்லாத மலிவுத் தூவியை நான் தொடமாட்டேன்.

விசாரணையில் நான் கண்ட மிக முக்கியமான சாட்சியை இனித்தான் சொல்லப் போகிறேன். அன்றிரவு நடுங்கியபடி இறங்கி, தோட்டத்தின் மறுகோடியில் தெரிந்த நெருப்பை நோக்கி நடந்தேன். காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கும் ஒரு முதியவர். தேயிலைத் தோட்டத்திலிருந்து இளைப்பாறியவர். என்னை நெருப்பருகே அமர்த்தி, சாயத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பின்னர் டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வந்து என் படுக்கையைச் சுற்றிப் பார்த்தார். அடியில் கையை விட்டுத் தடவினார்.

“கீழ வெறும் துணிதானே இருக்கு ஐயா. கீழ போடாம மேல எத்தன போத்துனாலும் குளிரு போவாதுங்க” என்றார்.

அவருடைய குடிசையைப் பார்த்தேன். அரையடி உயரத்துக்குக் காய்ந்த மானாப்புல், அதன் மேல் உரச் சாக்குகள், அதற்கும் மேல் ஒரு பழைய கம்பளி. ஒரே ஒரு கம்பளி. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து நடந்து வந்த அவருடைய முன்னோர்க்குத் துரைமார் கம்பளி கொடுத்து, அதன் பெறுமதியைச் சம்பளத்தில் கழித்த வரலாறு எமக்குத் தெரிந்ததே. 300 டொலர் பெறுமதியான என் போர்வையை, டொலருக்கு 300 ரூபா வீதம், 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்கிட்டால் ஏறக்குறைய 67 நாள் உழைப்பு வருகிறது. அந்த 67 நாள் உழைப்பைப் போர்த்திக்கொண்டு நான் நடுங்கினேன். அவர் நடுங்கவில்லை.

மறுநாள் இரவு, அவர் தந்த இரண்டு சாக்குகளுக்குள் மானாப்புல்லை நிரப்பி, தொங்குபடுக்கைக்குள் முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில் பரப்பினோம். வழுகிக்கொண்டேயிருந்தது; இரண்டு தடவை எழுந்து சரிசெய்தேன். புல்லும் குத்தியது. வெப்பமானி 5 பாகை. அதே போர்வை. காலை ஆறரை மணிக்கு மருமகன் வந்து எழுப்பும் வரை நன்றாக உறங்கினேன்.

அவன் திரும்பிச் சென்றபின், அடுத்த வருடம் எனக்கென்று ஒரு நல்ல தூவிப் போர்வை வாங்கி வருவதாகவும் எந்தத் தரம் வேண்டும் என்றும் கேட்டு எழுதியிருந்தான். கீழ்ப்போர்வை ஒன்று மாத்திரம் கொண்டு வா, 650 தரமே போதும், மேலே போர்த்த என்னிடம் கம்பளி இருக்கிறது என்று பதில் எழுதினேன். காவல்காரருக்கும் ஒன்று கொண்டு வருவதா என்று மீண்டும் கேட்டிருக்கிறான். அவர் தரையில் படுப்பவர், அவருக்கு அது தேவைப்படாது. நல்ல மழையங்கி ஒன்று கொண்டு வரும்படி எழுத இருக்கிறேன்.