வர்த்தமானியால் மண் வளம் பெறாது

2021 மே மாதம் வர்த்தமானி மூலம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்த கோட்டாபய அரசாங்கம், நவம்பரில் அதைக் கைவிட்டது. இயற்கை விவசாயமே தோற்றுவிட்டதாகப் பலர் முடிவுகட்டினர். ஒரே போகத்தில் மாற்றிவிடலாம் என்ற அவசரமே தோற்றது என்பேன்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடியதற்கு, அளவுக்கு மிஞ்சிய உரமும் ஒரு காரணம். ஆகவே மாற்றம் தேவை. சணல் விதைத்து உழுவதும், குழை தாழ்ப்பதும், பட்டி அடைப்பதும் எமது தோட்டக்காரருக்குப் புதிதல்ல. ஆனால், பலன் காணப் பல போகங்கள் செல்லும்.

வலிகாமம் வடக்கில் 1990 இல் இடம்பெயர்ந்தோரின் செம்மண் காணிகளில் ஒரு பகுதி இன்னும் இராணுவத்தின் வசம் உள்ளது. அடுத்த போகம் கிடைக்குமா என்று தெரியாத குத்தகைக் காணியில் யார் மண்ணை வளர்ப்பார்? நிலைபேறான விவசாயம் பேசும் அரசாங்கம் முதலில் அந்தக் காணிகளை விடுவிக்கட்டும்.