சைக்கிளுக்கும் ஒரு வழி வேண்டும்!

சென்னைக்கு வெளியூர்க்காரர்கள் தினமும் வருகிறார்கள். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு. பரீட்சை எழுத வருகிறவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே குறை. நேரம் இல்லை!

"வந்ததுதான் வந்தோம், மாமல்லபுரத்தையும் பார்த்துவிடலாமே" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். உடனே வாடகைக் கார் வரும். கடற்கரைக் கோயில் அருகே இறங்குவார்கள். படம் எடுப்பார்கள். ஏறுவார்கள். ஐந்து ரதத்தில் இறங்குவார்கள். மறுபடியும் படம். மறுபடியும் கார். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சென்னை திரும்பிவிடுவார்கள்.

மாமல்லபுரம் போனார்கள். சரி. பார்த்தார்களா?

அவசரக்காரர்களுக்குக் கார்தான் வசதி என்று பலரும் நினைக்கிறார்கள். மாமல்லபுரத்தில் அந்தக் கணக்குத் தப்பு. அங்கே நேரத்தை மிச்சப்படுத்துவது சைக்கிள்!

சின்ன ஊர், பெரிய காட்சி

மாமல்லபுரம் பரப்பில் பெரிய ஊர் அல்ல. அர்ச்சுனன் தபசு சிற்பத்திலிருந்து கடற்கரைக் கோயில் ஒரு கிலோ மீட்டருக்குள் இருக்கிறது. ஐந்து ரதம் ஏறக்குறைய ஒன்றரை கிலோ மீட்டர். எல்லாவற்றையும் சுற்றி வந்தாலும் 5 கிலோ மீட்டர் இருக்கும். சைக்கிளை மெதுவாக மிதித்தாலும் மொத்தம் அரை மணி நேரம். மிச்ச நேரம் எல்லாம் கண்ணுக்கு!

சைக்கிளுக்கு எங்கே போவது? ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் வாடகை சைக்கிள் கடை சாதாரணம். நோட்டில் பேர் எழுதி, மணிக் கணக்கில் சைக்கிள் கொடுப்பார்கள். அங்கே சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய பையன்கள் இன்று தாத்தாக்கள் ஆகிவிட்டார்கள். மோட்டார் சைக்கிள் பெருகியது. கடைகள் மறைந்தன. ஆனால், மாமல்லபுரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு இன்றும் வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கிறது.

எடுக்கும் முன்பு மூன்று காரியம் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கிறதா? டயரில் காற்று இருக்கிறதா? சீட்டு உயரம் சரியா? அவ்வளவுதான்.

விடியற்காலையே நல்லது

வெயில் ஏறும் முன்பே புறப்படுவது நல்லது. முதலில் கடற்கரைக் கோயில். ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. காலைச் சூரியன் கடலில் இருந்து எழுந்து கோயில் மீது விழும். அந்தக் காட்சிக்காகவே ஒரு நாள் சீக்கிரம் எழுந்திருக்கலாம்.

அடுத்தது ஐந்து ரதம். பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்தார்கள். வேலை முடியவில்லை. அதனால் அடிப்பகுதியில் சில இடங்கள் கரடுமுரடாக நிற்கின்றன. உளி எங்கே நின்றது என்று குழந்தைகளே கண்டுபிடிக்கலாம்!

பிறகு அர்ச்சுனன் தபசு. அங்கே ஒரு பூனை தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள். காரில் பறப்பவர்கள் பெரிய யானையைப் பார்ப்பார்கள். பூனையைக் கோட்டை விடுவார்கள்!

சைக்கிளில் போகிறவர்களுக்கு இன்னொன்றும் கிடைக்கும். காதுக்கு விருந்து! தெருவோரப் பட்டறைகளில் சிற்பிகள் கல் கொத்தும் ஓசை கேட்கும். 1957-இல் அரசு இங்கே சிற்பப் பள்ளி தொடங்கியது. பல்லவர் காலத்து உளி இன்றும் ஓயவில்லை. காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டால் அந்த ஓசை எப்படிக் கேட்கும்?

"புடவை கட்டிய பெண்கள் எப்படி ஓட்டுவது?" என்று சிலர் கேட்கலாம். அதற்குப் புதுக்கோட்டைப் பெண்கள் பதில் சொல்லிவிட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கூலி வேலை செய்யும் பெண்கள்கூட ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். கேலி செய்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்!

செங்கல்பட்டு வழி

தெற்கே இருந்து ரெயிலில் வருகிறவர்களுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. பல ரெயில்கள் செங்கல்பட்டில் நிற்கின்றன. அங்கேயே இறங்கிவிட்டால் மாமல்லபுரம் சுமார் 30 கிலோ மீட்டர். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் போகிறது. சென்னை வரை போய்த் திரும்பி வரும் அலைச்சல் மிச்சம். மாமல்லபுரத்தில் சைக்கிள் எடுத்துச் சுற்றிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் சென்னைக்குப் போகலாம்.

ஆபத்து எங்கே?

ஊருக்குள் கவலை குறைவு. ஊரைத் தாண்டினால்தான் ஆபத்து!

வடக்கே 5 கிலோ மீட்டரில் சாளுவன்குப்பம் இருக்கிறது. புலிக்குகை அங்கேதான். 2004-இல் சுனாமி வந்து போன பிறகு, 2005-இல் பழைய முருகன் கோயிலின் செங்கல் அடித்தளம் அங்கே மண்ணுக்குள் இருந்து வெளிப்பட்டது. சைக்கிளில் போய்வரச் சரியான தூரம். ஆனால் வழி? கிழக்குக் கடற்கரைச் சாலை! சனி, ஞாயிறு வந்தால் சென்னைக் கார்கள் அம்பு போல் பாய்கின்றன. அந்த வேகத்துக்குப் பக்கத்திலேயே சைக்கிளும் போக வேண்டும். பெரியவர்களுக்கே நெஞ்சு படபடக்கும். குழந்தைகளை அங்கே சைக்கிளில் விடலாமா? கூடாது!

சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிடலாம். உள்ளூர்க்காரர்கள்?

சைக்கிளில் வேலைக்குப் போகும் கூலித் தொழிலாளி எப்படிப் போகாமல் இருப்பார்? பள்ளிக்கூடம் போகும் பையன் எந்த வழியில் போவான்? அரசுப் பள்ளிகளில் பிளஸ் 1 படிக்கும் மாணவ மாணவிகளுக்கு அரசாங்கம் இலவசமாகச் சைக்கிள் கொடுக்கிறது. பாராட்டத்தக்க காரியம். சைக்கிளைக் கொடுத்த கை, அது பத்திரமாகப் போக வழியையும் கொடுக்க வேண்டாமா?

ஊர் சுற்ற வந்தவருக்குச் சைக்கிள் இரண்டு மணி நேர இன்பம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது தினசரி வாழ்க்கை. இருவருக்கும் வேண்டியது ஒன்றே. பிரித்துக் கட்டிய தனிப்பாதை!

நெதர்லாந்து சொல்லும் பாடம்

நெதர்லாந்து இன்று சைக்கிளுக்குப் பேர்போன நாடு. அது தானாக வந்த பேர் அல்ல. 1971-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் 3 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். தாய்மார்கள் பொறுக்கவில்லை. "குழந்தைகளைக் கொல்லாதே!" என்று தெருவில் இறங்கினார்கள். அதன் பிறகே சைக்கிள் பாதைகள் வேகமாகப் பெருகின. இன்று அங்கே பள்ளிப் பிள்ளைகள் தனியாகச் சைக்கிளில் போகிறார்கள். பெற்றோர்கள் பயமில்லாமல் அனுப்புகிறார்கள்.

தமிழ்நாட்டில் அத்தனை உயிர் போன பிறகுதான் விழிக்க வேண்டுமா?

என்ன செய்யலாம்?

முதலில் மாமல்லபுரத்தில் இருந்து புலிக்குகை வரை 5 கிலோ மீட்டருக்குத் தனிப்பாதை போடலாம். வெறும் வெள்ளைக் கோடு போதாது. கோட்டைக் கார் தாண்டும். கல் திட்டு கட்டித் தடுக்க வேண்டும். அந்தப் பாதையில் நடந்து போகிறவர்களுக்கும் இடம் வேண்டும்.

அடுத்து, காலை வேளையில் மட்டுமாவது சிற்பங்களைச் சுற்றியுள்ள தெருக்களில் வெளியூர்க் கார்களை நிறுத்தி வைக்கலாம். ஊருக்கு வெளியே காரை விட்டுவிட்டு, நடந்தோ சைக்கிளிலோ உள்ளே வரட்டும். இதனால் டீக்கடைக்கும் லாபம். இளநீர் விற்பவருக்கும் லாபம். சைக்கிளில் வருகிறவர்தானே நின்று வாங்குவார்?

பிறகு செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் சாலையில் பள்ளிக்கூடங்கள் உள்ள இடங்களிலாவது தனிப்பாதை வரவேண்டும்.

"இந்தக் காலத்தில் யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்?" என்று கேட்பது சுலபம். பாலம் இல்லாத ஆற்றைப் பார்த்து, "இதைத் தாண்ட ஆளே இல்லையே" என்று சொல்வது போன்றது அது. பாலம் போட்டால் ஆள் வருவார்கள். பாதை போட்டால் சைக்கிள் வரும்!

1984-இல் மாமல்லபுரம் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. கல்லைக் காக்கச் சட்டம் இருக்கிறது. வேலி இருக்கிறது. காவலும் இருக்கிறது. அந்தக் கல்லைத் தாண்டித் தினமும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் ஒரு காவல் வேண்டாமா? அரசாங்கம் செய்யவேண்டும். காலம் கடத்தாமல் செய்யவேண்டும்!