ஊரைக் கேட்டு ஊர் காண்போம்

மதுரைக்குச் சுற்றுலா செல்வோர் பெரும்பாலும் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் அரண்மனையையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். அதே மாவட்டத்தில், மேலூருக்கு அருகில் உள்ளது அரிட்டாபட்டி. பழந்தமிழி எழுத்துக் கல்வெட்டு, சமணர் படுக்கை, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், சுனைகள், அரிய வல்லூறு இனங்கள் ஆகியன அச்சிற்றூரின் குன்றுகளில் ஒருங்கே அமைந்துள்ளன. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அது 2022-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஆயினும், கல்வெட்டு எந்தப் பாறையின் அடியில் உள்ளது, கோடையிலும் வற்றாத சுனை எது என்பவற்றை ஆடு மேய்க்கும் முதியவர் சொல்வதுபோல் வேறெவரும் சொல்லிவிட முடியாது.

கைப்பேசி வரைபடம் இருக்க, ஊராரை எதற்குக் கேட்க வேண்டும் எனச் சிலர் வினவலாம். வரைபடம் பாதையைக் காட்டும்; அப்பாதையில் இன்று போகலாமா என்பதைச் சொல்லாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புல் காயும் பருவம், காற்று திசைமாறும் நேரம், ஓடையில் திடீரென வெள்ளம் வரும் அறிகுறி ஆகியவற்றை மலையடிவாரத்து மக்கள் பட்டறிவால் உணர்ந்தவர்கள். வனத்துறையின் இசைவும் வேண்டும். ஊராரின் எச்சரிக்கையும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

இது தமிழருக்குப் புதிய பாடமன்று. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். அவற்றுள் ஒன்றான மலைபடுகடாம், செல்லும் வழியின் வளத்தைக் கூறுவதோடு, பாம்புகள் உறையும் இடங்களையும் வழுக்கும் பாறைகளையும் குறித்து எச்சரிக்கிறது. வழி சொல்பவர் இடரையும் சேர்த்துச் சொல்வதே பழந்தமிழ் மரபு.

ஊரார் வழிகாட்டினால் கூட்டம் பெருகும். நெகிழிக் குப்பையும் இரைச்சலும் அவ்விடத்தைக் கெடுத்துவிடும் என்னும் அச்சமும் உண்டு. அவ்வச்சம் நியாயமானதே. ஆகவே, ‘எங்கே போகலாம்?’ என்று கேட்பவர், ‘அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?’ என்றும் கேட்க வேண்டும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் புகலிடத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சிப் பறந்துவிடக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. தம் பிள்ளைகளின் மகிழ்ச்சியையே விட்டுக்கொடுத்த ஊருக்குள், ஒலிப்பெருக்கியை முழக்கியபடி நுழைவது பண்பாகுமா?

சில வேளைகளில் ஊரார், ‘அங்கே போக வேண்டாம்’ என்பர். அது வழிபாட்டுக்குரிய காடாக இருக்கலாம். பறவைகள் முட்டையிட்டு அடைகாக்கும் காலமாக இருக்கலாம். அந்த மறுப்பும் ஒரு வழிகாட்டுதலே. அதை ஏற்றுத் திரும்புபவரே நல்ல பயணி.

விடுமுறையில் அறியாத ஊருக்குச் செல்லும் மாணவர், முதலில் அங்குள்ள தேநீர்க் கடையிலோ ஆலமரத்தடியிலோ அமர்ந்து பெரியவர்களிடம் பேச வேண்டும். அவர்கள் சொல்வதைப் பொறுமையோடு கேட்க வேண்டும். அவ்வாறு கேட்டவருக்கு ஊர் தன் சுனையையும் கல்வெட்டையும் காட்டும். அவற்றைக் காக்கும் பொறுப்பிலும் பங்கு தரும்.