தடி எந்தக் கையில்?

வலது இடுப்பு வலித்தால் தடியும் வலது கையிலாம்! கடற்கரைச் சாலையில் நடக்க வரும் நம் வயதுக்காரர்கள் பலர் இப்படித்தான். சினிமாத் தாத்தாக்கள் கெடுத்த கெடுதி.

புதுவைப் பள்ளியில் 'லெவியே' என்று பிரெஞ்சில் படித்த நெம்புகோல்தான் இடுப்பு மூட்டும். வலது காலில் நிற்கும்போது உடம்பின் எடை மூட்டிலிருந்து தள்ளி இறங்குகிறது. அதற்கு எதிராக இழுக்கும் தசையோ மூட்டுக்கு மிக அருகில். ஆகவே எடையைப்போல் சுமார் இரு மடங்கு இழுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து மூட்டை நசுக்குகின்றன. இடது கைத் தடியோ வெகு தள்ளி ஊன்றுகிறது. லேசாக அழுத்தினாலே தசையின் பாடு குறையும்.

அமெரிக்க எலும்பு மருத்துவர் பிளவுண்ட் 1956-லேயே தடிக்காக வாதாடி எழுதினார். நம் டாக்டர்களோ "தடி வச்சுக்கோங்க" என்பதோடு சரி. எந்தக் கை என்று சொன்னால் வாய் வலிக்குமா?

நாளைக்கே கையை மாற்றுங்கள், ஐயா. தடியும் வலிக்கிற காலும் சேர்ந்து முன்னே போகட்டும்.